பெட்ராவில் கூட இருந்தவர்

ஆராதனை முடிந்து கூடத்தில் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டபோது மணி பதினொன்றே முக்கால்.

பியாட்ரிஸ் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். மகள் கேரல் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"சாப்பாட்டுக்கு இருக்க வேணாம் மம்மி. பேசி முடிச்சதும் போய்டலாம்."

"பார்க்கலாம்."

ஈஜிபுராவின் அந்தச் சிறிய சபையில் பாதிப் பேர் தங்கவயலை விட்டு வந்தவர்கள். சுரங்கம் மூடிய பிறகு வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். எருசலேம் பயணம் போய் வருபவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன் நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். படம் காட்டுவார்கள். யோர்தான் ஆற்றுத் தண்ணீரைச் சின்ன பாட்டில்களில் ஊற்றிக் கொடுப்பார்கள். பிறகு பிரியாணி.

இந்த முறை கூட்டம் தள்ளிப் போயிருந்தது. பியாட்ரிஸின் கணவர் யூஜின் அந்தப் பயணத்தில் இறந்துவிட்டார். மூன்றாம் நாள், ஜோர்டான் நாட்டில், பெட்ரா என்ற இடத்தில். மலையைக் குடைந்து எழுப்பிய பழைய நகரம் அது. பியாட்ரிஸ் அதைப் பார்க்கவில்லை. அன்று அவள் காய்ச்சலோடு ஹோட்டலில் படுத்திருந்தாள். அவரைப் போகச் சொன்னதும் அவள்தான். மத்தியானம் லாயிட் வந்து கதவைத் தட்டினார்.

லாயிட் சபையின் செயலாளர். பயணத்தை நடத்திச் சென்றவர். ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் அவர் சொன்னது அவளுக்கு வார்த்தை மாறாமல் நினைவிருந்தது.

"நாங்க கூடவே இருந்தோம்கா. அவரு கஷ்டப்படல."

நாங்கள் என்றால் யார் என்று அவள் அப்போது கேட்கவில்லை. உடல் ஊர் வந்து சேர்ந்தது. அடக்கம் நடந்தது. வந்தவர்கள் போனார்கள். வீட்டில் சத்தம் அடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. கூடப் போனவர்களில் யாரோ ஒருவர் யூஜினின் தலையைத் தாங்கிப் பிடித்திருப்பார். வாயில் தண்ணீர் விட்டிருப்பார். யூஜின் ஏதாவது சொல்லியிருந்தால் அது அந்த ஒருவரிடம் இருக்கிறது. அவர் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் பியாட்ரிஸ் இன்று வந்தாள்.

முந்தின நாள் பாஸ்டர் போன் செய்திருந்தார். கட்டாயம் வரவேண்டும் என்றில்லை என்றார். வருகிறேன் என்றாள்.

பாஸ்டர் சுருக்கமாக ஜெபித்தார். ஜன்னல்களைச் சாத்தினார்கள். லாயிட் லேப்டாப்பைத் திறந்து சுவரில் படம் காட்டினார்.

முதல் படம் தேவனஹள்ளி விமான நிலையம். எல்லோரும் நீலத் தொப்பி போட்டு வரிசையாக நின்றார்கள். பியாட்ரிஸ் இடது ஓரத்தில் இருந்தாள். அவளோடு படம் முடிந்தது; யூஜின் நின்ற பக்கத்தை வெட்டியிருந்தார்கள். அவள் தோளில் மட்டும் ஒரு கையின் நான்கு விரல்கள் இருந்தன.

கேரல் அதைப் பார்த்துவிட்டாள். அம்மாவின் பக்கம் திரும்பினாள். பியாட்ரிஸ் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது படத்தில் ஒரு பெரிய பஸ். வாசலில் லாயிட் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இதான் நம்ப ஜோடி சிஸ்டம்," என்றார் லாயிட். "டூர்ல தலை எண்ணிப் பாப்பாங்க. ஒருத்தர் பாத்ரூம் போயிருப்பாரு, எண்ணிக்கை தப்பிடும். எங்கப்பா சுரங்கத்துல இருந்தப்ப அவங்க ஷிஃப்ட்ல எண்ண மாட்டாங்களாம். பக்கத்து ஆளுக்கு நீ பொறுப்பு, அவ்ளோதான். அதையே நாம செஞ்சோம். ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சி விட்டேன். பஸ் கெளம்பறதுக்கு முன்னாடி நான் ஜோடின்னு கத்துவேன். பக்கத்துல ஆளு இருந்தா ஆச்சும்பாங்க. இல்லன்னா இல்லம்பாங்க."

"புருஷன் பக்கத்துல இருந்தும் இல்லன்னு சொன்னவங்களும் உண்டு," என்றாள் பயணம் போய்வந்த ஹெப்சிபா. கூடம் சிரித்தது.

பியாட்ரிஸும் இரண்டு நாள் ஆச்சு என்று கத்தியிருக்கிறாள். யூஜின் அவள் காதருகே இன்னும் சத்தமாகக் கத்துவார்.

மூன்றாவது படம் நேபோ மலை. நான்காவது படம் இஸ்ரேல் எல்லைச் சாவடி. பிறகு ஒலிவ மரங்கள், எருசலேம் மதில், கல் பாவிய ஒரு சந்து. சபையார் உச்சுக் கொட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பியாட்ரிஸ் எருசலேமைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் அந்தச் சந்தில் நடந்தபோது அவள் அம்மான் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் காத்திருந்தாள். உடலைக் கொண்டுபோகக் காகிதம் வர வேண்டும் என்றார்கள். கேரலிடம் பாஸ்போர்ட் இல்லை, அதனால் துணைக்கு வர முடியவில்லை. பயண ஏஜென்டின் ஆள் காலையில் கொண்டுவந்து விட்டுச் சாயங்காலம் அழைத்துப் போவான். தரை கழுவும் கிழவி ஒருத்தி தினமும் ஒரு கண்ணாடி டம்ளரில் இலை மிதக்கும் டீ கொடுத்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. கிழவி தன் மார்பைத் தொட்டு ஏதோ சொல்லுவாள், பிறகு தரையைக் கழுவப் போவாள். டீ கசந்தது. அவள் பார்த்த வெளிநாடு அவ்வளவுதான்.

படங்கள் முடிந்தன. ஜன்னல்களைத் திறந்தார்கள். பெட்ராவில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

சாட்சி தொடங்கியது. முதலில் ஹெப்சிபா எழுந்தாள். தொம்மலூரில் டிபன் கடை நடத்துபவள். அவளுக்கு மைக் தேவையில்லை.

"சவக்கடல்ல நாங்க எறங்குனோம். நான் இந்த சைஸுக்கு மிதப்பேன்னு யாராச்சும் நெனச்சீங்களா? மிதந்தேன்! எங்க வீட்டுக்காரு கரையில நின்னுக்கினு, 'ஏய் ஹெப்சி, முழுகிடாத, ரிட்டர்ன் டிக்கெட்டுக்கும் சேத்து கட்டியாச்சு'ன்னு கத்தறாரு."

"சேறு பூசினத சொல்லு," என்றார் அவள் கணவர் சாலமன்.

"பூசினேன். மூஞ்சி கை காலெல்லாம் பூசினேன். கழுவிட்டு வந்து எப்படி இருக்கேன்னு கேட்டா, போட்டுக்கினே இருந்திருக்கலாங்கறாரு."

கூடம் முழுவதும் சிரித்தது. பியாட்ரிஸும் சிரித்தாள். ஹெப்சிபா பிறகு எருசலேமின் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னாள். அங்கே தன்னை அறியாமல் முழங்கால் போட்டதைச் சொன்னாள். கண்ணை மூடி, சாட்சியை எப்போதும் முடிக்கிற மாதிரி முடித்தாள்.

"போனவங்க எங்க எல்லாரையும் ஒரு சேதமும் இல்லாம பத்திரமா கூட்டியாந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்," என்றது சபை.

ஆமென் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஹெப்சிபா கண்ணைத் திறந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ. அக்கா. பழக்கத்துல வந்துடுச்சிக்கா."

"பர்வால்ல. உக்காரு," என்றாள் பியாட்ரிஸ்.

கேரல் எழுந்து நின்றாள். "போதும் மம்மி. வா."

பியாட்ரிஸும் எழுந்தாள். ஆனால் வாசல் பக்கம் திரும்பவில்லை. பாஸ்டர் வேகமாக அவளிடம் வந்தார்.

"அம்மா, நீங்க சாட்சி சொல்லணும்னு யாரும் எதிர்பார்க்கல."

"சொல்ல வரல பாஸ்டர். கேக்க வந்தேன்." அவள் லாயிடைப் பார்த்தாள். "லாயிட், பெட்ரா படம் எங்க?"

லாயிட் லேப்டாப்பை மூடினார்.

"இல்லக்கா. அழிச்சிட்டோம்."

"யாரு?"

"எல்லாருமே. குரூப்புல பேசி முடிவு பண்ணோம். யாராச்சும் தெரியாம ஸ்டேட்டஸ்ல போட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்? அதான், அன்னிக்கு எடுத்தது யாரு போன்லயும் இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டோம்."

"யாரக் கேட்டு அழிச்சீங்க அங்கிள்?" என்றாள் கேரல். "எங்க டாடி போட்டோ அது. கடைசி போட்டோ."

"உங்களுக்காகத்தாம்மா."

பியாட்ரிஸ் மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பயணம் போனவர்கள் முன்வரிசைகளில் இருந்தார்கள். பலர் தரையைப் பார்த்தார்கள். நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. யூஜினும் அந்தக் குரூப்பில் இருந்திருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

"படம் போனா போகட்டும்," என்றாள். "வாயால சொல்லுங்க. போன எடத்தப் பத்தி சொல்லத்தான இந்தக் கூட்டம்? காலையில அவரு ரூமை விட்டுப் போனதுலேர்ந்து எனக்கு ஒண்ணும் தெரியாது. யாரு யாரு அவரப் பாத்தீங்களோ சொல்லுங்க."

பின்னால், பிரியாணி அண்டாவைத் தொம்மென்று தரையில் இறக்கும் சத்தம் கேட்டது.

முதலில் சாலமன் பேசினார்.

"காலையில நாஷ்டா சாப்ட்டப்ப என் எதுருலதான் இருந்தாரு. ஆலிவ் காய ஒண்ணு எடுத்து வாயில போட்டாரு. மூஞ்சிய இப்டி வெச்சிக்கினாரு." சாலமன் முகத்தைக் கோணிக் காட்டினார். "'இந்தக் கசப்புக்கா ஜலப்பிரளயத்துல அந்தப் புறா பேழையிலேர்ந்து அவ்ளோ தூரம் பறந்துச்சு'ன்னாரு. சப்ளை பண்றவன் என்னா என்னான்னு கேக்கறான். அவன்கிட்ட சூப்பர்னு சொல்லி இன்னொண்ணு எடுத்துப் போட்டுக்கினாரு."

பியாட்ரிஸின் முகம் மலர்ந்தது. "துப்பலயா?"

"துப்புவாரா? முழுங்கிட்டாரு."

அதன் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். பஸ்ஸில் அவர் எல்லோருக்கும் இஞ்சி மிட்டாய் கொடுத்தாராம். கழுதைக்காரன் ஒருவனோடு தமிழிலேயே பேரம் பேசினாராம். அவன் அரபியில் திட்ட, இவர் தமிழில் திட்ட, கடைசியில் இருவரும் கை குலுக்கிக்கொண்டார்களாம். கழுதையில் ஏறவில்லை. அது பாவம் என்றாராம்.

"நீங்க ஏறுனா அது பாவந்தான்னு நான் சொன்னேன்," என்றாள் ஹெப்சிபா. "ஒன்ன விட நான் கம்மிதான்னாரு."

கூடத்தில் மறுபடி சிரிப்பு எழுந்தது. பயத்தோடு தொடங்கிய சிரிப்பு. பியாட்ரிஸ் சிரிப்பதைப் பார்த்த பிறகு தடையில்லாமல் வந்தது. கேரல் கைப்பையைக் கீழே வைத்தாள். அப்பாவை யாரோ உயிரோடு கொண்டுவந்து நிறுத்தியது போல முன்னால் சாய்ந்து கேட்டாள்.

"அப்புறம்?" என்றாள் பியாட்ரிஸ்.

"அப்புறம் அந்த மலைப் பொளவுக்குள்ள போனோம்," என்றார் டேவிட் ஐயா. தங்கவயலில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கூட்டத்தில் மூத்தவர். கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பக்கமும் பாறை. மேல வானம் ஒரு கோடு மாதிரி. எனக்குக் கொஞ்சம் பயந்தான். யூஜின் பாறைய வெரலால தட்டித் தட்டிப் பாத்துக்கினே வந்தாரு. சுரங்கத்துல வேல பாத்தவரு இல்ல, தட்டறதோட சத்தத்துல தெரியுமாம். 'விழாது வாத்தியாரே, தைரியமா வாங்க'ன்னாரு. அவரு சொன்னப்பறம் எனக்குப் பயம் போய்டுச்சி."

"வீட்லயும் தட்டுவாரு," என்றாள் பியாட்ரிஸ். "புது வீட்டுக்கு வாடகைக்குப் போனா மொதல்ல செவுத்தத் தட்டுவாரு. அப்புறம் ஐயா?"

"பொளவு முடிஞ்சதும் பெரிய வெளி. சுத்தி மலை பூரா கொகை. ஆளுங்க குடைஞ்சது. யூஜின் அங்க நின்னுட்டாரு. உளி போட்ட தடத்தப் பாக்கணும்னாரு. எல்லாரும் நேரா போறாங்க, இவரு பக்கவாட்டுல ஏறுறாரு. நான் வேணாம்னேன். 'நீங்க போங்க, ரெண்டு நிமிஷத்துல வந்துர்றேன்'னாரு. என் தங்கச்சி வெயில்ல நின்னுக்கினு வா வான்னா. அவதான் எனக்கு ஜோடி. நான் போய்ட்டேன்."

பியாட்ரிஸ் தலையசைத்தாள். அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"அங்க அவரு கூட இருந்தது யாரு?"

டேவிட் ஐயா சாலமனைப் பார்த்தார்.

"நாங்க முன்னாடி போய்ட்டோம்," என்றார் சாலமன். "ஐயா கூட இருக்காருன்னு நெனச்சோம்."

"நான் லாயிட் கூட வருவாருன்னு நெனச்சேன்," என்றார் டேவிட் ஐயா.

"நான் கைடு கூட இருந்தேன்," என்றார் லாயிட். "கைடு எப்பவும் முன்னாடிதான போவாரு."

பியாட்ரிஸ் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்த்த முகம் ஒவ்வொன்றும் வேறு பக்கம் திரும்பியது.

"அவரு விழுந்தப்ப யாரு பாத்தீங்க?"

முன்வரிசையில் இருந்தவர்கள் லாயிடைப் பார்த்தார்கள்.

"லாயிட். நாங்க கூடவே இருந்தோம்னு சொன்னியே."

"அக்கா, அந்த நேரத்துல உங்ககிட்ட நான் என்னா சொல்ல முடியும்?" லாயிட் பாஸ்டரின் பக்கம் திரும்பினார். "பாஸ்டர், ஜெபம் பண்ணி முடிச்சிக்கலாமே."

"இரு லாயிட்," என்றார் டேவிட் ஐயா. "கேக்கறாங்க இல்ல." அவர் எழுந்து நின்றார். "திரும்பி வந்து பஸ்ஸுல ஏறுனோம்மா. இவன் வழக்கம்போல ஜோடின்னு கத்துனான். ஆச்சுன்னு நாங்கள்லாம் சொன்னோம். ஒருத்தரும் இல்லன்னு சொல்லல. பஸ் கெளம்பிடுச்சி."

"அவரு பஸ்ஸுல இருந்தாரா?"

"இல்ல. ஹோட்டலுக்கு வந்தப்பறந்தான் அந்த ஊரு போலீஸ் போன் பண்ணாங்க. அந்தக் கொகைக்குள்ள விழுந்து கெடந்தாராம். கழுத்துல கட்டியிருந்த அட்டையில நம்பர் இருந்துச்சி."

கேரல் எழுந்துவிட்டாள். "விட்டுட்டு வந்துட்டீங்களா? எங்க டாடிய அங்கயே விட்டுட்டு வந்துட்டு, போட்டோவையும் அழிச்சிட்டு, இங்க நின்னுக்கினு ஸ்தோத்திரம் சொல்றீங்களா?"

ஹெப்சிபா அழத் தொடங்கினாள். லாயிட் நெற்றியைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாஸ்டர், கண்களை மூடுவோம் என்றார். சிலர் மூடினார்கள்.

பியாட்ரிஸ் மூடவில்லை. பஸ்ஸை நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு இருக்கையிலும் இரண்டு பேர். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்க்கிறார்கள். பக்கத்து ஆள் இருக்கிறார். ஆச்சு என்கிறார்கள். அதில் பொய் இல்லை. அவளும் யூஜினும் உட்காரும் இருக்கை மட்டும் காலியாக இருந்திருக்கும். இருவருமே இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்ல ஆள் இல்லை. யூஜினுக்கு ஜோடி அவள். அவள் அந்த நேரத்தில் ஹோட்டல் அறையில் திரையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உக்காரு கேரல்," என்றாள்.

"மம்மி."

"உக்காரும்மா. கத்தாத."

அவள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து டேவிட் ஐயாவிடம் போனாள். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவள் அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு தானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க ஐயா. வேற ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அந்தக் கொகைய நீங்க பாத்தீங்க இல்ல?"

"வாய மட்டும் பாத்தேன். உள்ள போகல."

"நீங்கள்லாம் நடந்து போன பாதையிலேர்ந்து எவ்ளோ தூரம்?"

டேவிட் ஐயா ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். சபையின் இரும்புக் கேட் திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தெருவில் ஒரு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது.

"அந்த கேட்டு வரைக்கும் இருக்கும்," என்றார். "அதுக்கு மேல இல்ல."

பியாட்ரிஸும் கேட்டைப் பார்த்தாள். பாஸ்டரின் ஜெபம் தாழ்ந்த குரலில் போய்க்கொண்டிருந்தது. அவள் இன்னும் தாழ்ந்த குரலில், அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"அந்தக் கொகைக்குள்ள இருந்து ஒருத்தர் கூப்ட்டா, பாதையில போறவங்களுக்குக் கேக்குமா ஐயா?"